சேலம், நாமக்கல் சமவெளியில் எண்ணிம மனித உரிமைகளும் காவல்துறையும் (2015–2016)

எண்ணிம மனித உரிமைகள் என்பவை தனியுரிமை, கருத்துரிமை, மானத்தோடு வாழும் உரிமை முதலிய பழைய உரிமைகள் இணையத்திலும் கைப்பேசியிலும் தொடர்வதைக் குறிக்கும். ஒருவருக்கு நேரில் உள்ள உரிமைகள் இணையத்திலும் காக்கப்பட வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் மனித உரிமை மன்றம் 2012 ஜூலை 5 அன்று தீர்மானித்தது. தீர்மானம் ஜெனீவாவில் நிறைவேறினாலும், அந்த உரிமை கிடைக்கிறதா இல்லையா என்பது பெரும்பாலும் ஒரு காவல் நிலையத்தின் வரவேற்பு மேசையில்தான் முடிவாகிறது. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளில் நடந்த சில நிகழ்வுகள் இதற்குச் சான்று. ஒரு நாவலாசிரியர், ஒரு கொலை வழக்கு, ஒரு பட்டதாரிப் பெண், ஒரு முகநூல் பதிவு என நான்கும் தொடர்பற்றவையாகத் தோன்றலாம். நான்கிலும் காவல்துறை எவ்வளவு விரைவாக, யாருக்காக அசைந்தது என்பதே கேள்வி.

பின்னணி

நாமக்கல் 1997 ஜனவரி 1 முதல் தனி மாவட்டம். அதற்கு முன் சேலம் மாவட்டத்தின் பகுதி. இன்று தனித்தனி ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் இருந்தாலும், மேட்டூரிலிருந்து காவிரி இறங்கி வரும் இந்தச் சமவெளி மக்களின் வாழ்வில் ஒரே வட்டாரம்தான். இளம்பிள்ளை, பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளில் விசைத்தறி. நாமக்கல்லில் கோழிப்பண்ணையும் லாரித் தொழிலும். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள். தறிக்கூடத்தில் இரவு ஷிப்ட் பார்க்கும் இளைஞர் கையிலும், வீட்டில் முதல் பட்டதாரியான பெண் கையிலும் மலிவு விலை ஆண்ட்ராய்டு கைப்பேசி 2012க்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே வந்து சேர்ந்தது. சாதிக் கட்டுப்பாடும் பெண்ணின் நடமாட்டத்தைக் கண்காணிக்கும் வழக்கமும் வலுவாக உள்ள ஊர்கள் இவை. கைப்பேசி இந்த வழக்கங்களை அழிக்கவில்லை. அவற்றுக்குப் புதிய கருவியாகவும் ஆனது.

சட்டம் அதற்கு முன்பே வந்துவிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் 67ஆம் பிரிவின்கீழ் இந்தியாவில் அதிகம் பேசப்படும் முதல் தண்டனை தமிழ்நாட்டில்தான் வழங்கப்பட்டது. மணமுறிவு பெற்ற ஒரு பெண்ணைப் பற்றி யாகூ குழுவில் ஆபாசச் செய்திகள் இட்ட ஒருவருக்கு, சென்னை எழும்பூர் நீதிமன்றம் 2004 நவம்பர் 5 அன்று தண்டனை விதித்தது. முதல் தகவல் அறிக்கையிலிருந்து தீர்ப்புவரை ஏறத்தாழ ஏழு மாதமே ஆனது. சென்னையில் அது முடிந்ததற்குக் காரணம், அங்கே அதற்கென்று ஒரு பிரிவும் அதை நடத்தத் தெரிந்த அலுவலர்களும் இருந்ததுதான்.

2009 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இரண்டு காரியம் செய்தது. இணையக் குற்றங்களை விசாரிக்கும் அதிகாரத்தைத் துணைக் கண்காணிப்பாளர் நிலையிலிருந்து ஆய்வாளர் நிலைக்கு இறக்கியது. இது சரியான முடிவு, ஆனால் ஆய்வாளர்களுக்குப் பயிற்சி அதே வேகத்தில் வரவில்லை. இன்னொன்று, மனத்தைப் புண்படுத்தும் செய்தி அனுப்புவதையே குற்றமாக்கிய 66ஏ பிரிவு. இதை உச்ச நீதிமன்றம் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று செல்லாது என்றது. இடையில் 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354டி சேர்ந்தது. ஒரு பெண் இணையத்தைப் பயன்படுத்துவதைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும் அதன்படி குற்றம். அதே ஆண்டு நவம்பர் 12 அன்று லலிதா குமாரி வழக்கில், கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் வழக்குப் பதிந்தே ஆகவேண்டும் என ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டிலோ, குண்டர் சட்டம் எனப்படும் 1982ஆம் ஆண்டுத் தடுப்புக்காவல் சட்டம் 2014இல் திருத்தப்பட்டு, 'சைபர் சட்டக் குற்றவாளி' என்ற புதிய வகையும் அதற்குள் வந்தது. விசாரணையின்றி ஓராண்டுவரை சிறையில் வைக்க இடம்தரும் சட்டம் அது.

ஆக, 2015 தொடக்கத்தில் ஒரு காவல் ஆய்வாளரிடம் போதுமான சட்டப் பிரிவுகள் இருந்தன. தேவைக்கு மேலேயே இருந்தன என்றும் சொல்லலாம்.

நாமக்கல், ஜனவரி 2015

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் 2010இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவும் குழந்தையில்லாத ஒரு தம்பதியும் அதன் களம். நான்கு ஆண்டுகள் எந்தச் சலனமும் இல்லை. 2014 டிசம்பரில் நாவலின் சில பக்கங்கள் மட்டும் பிரித்தெடுக்கப்பட்டுப் படியெடுத்துப் பரப்பப்பட்டன. நூல் எரிக்கப்பட்டது. திருச்செங்கோட்டில் 2015 ஜனவரி 9 அன்று கடையடைப்பு நடந்தது. ஆசிரியருக்குத் தொலைபேசி மிரட்டல்கள் தொடர்ந்து வந்தன. நூலைப் படிக்காதவரும் அந்தச் சில பக்கங்களைப் படித்திருந்தனர். ஒரு படைப்பைச் சூழலிலிருந்து பிய்த்துப் பரப்பும் முறை பின்னர் வாட்ஸ்அப்பில் அன்றாட வழக்கமாகிவிட்டது.

காவல்துறை இங்கே செய்ததும் செய்யாமல் விட்டதும் கவனிக்கத்தக்கவை. மிரட்டியவர்களைத் தடுப்பதற்குப் பதிலாக, குடும்பத்தோடு ஊரைவிட்டுச் சில நாள் விலகியிருக்குமாறு ஆசிரியருக்கு அறிவுறுத்தப்பட்டது. ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட வருவாய் அலுவலர் தலைமையில் 'அமைதிப் பேச்சு' நடந்தது. முடிவில் ஆசிரியர் நிபந்தனையற்ற மன்னிப்புக்கும் விற்காத படிகளைத் திரும்பப் பெறவும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார். அதையடுத்துத் தம் முகநூல் பக்கத்தில், எழுத்தாளர் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்ற பொருளில் ஓர் அறிவிப்பை இட்டார். தம் எல்லா நூல்களையும் திரும்பப் பெறுவதாகவும் பதிப்பாளர்களுக்கு இழப்பீடு தருவதாகவும் அதில் சொன்னார்.

தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் ச. தமிழ்ச்செல்வன் தொடுத்த வழக்கு உள்ளிட்டவற்றில், தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்யநாராயணா அமர்வு 2016 ஜூலை 5 அன்று தீர்ப்பளித்தது. அமைதிப் பேச்சில் எழுதப்பட்ட ஒப்பந்தம் ஆசிரியரைக் கட்டுப்படுத்தாது என்றது நீதிமன்றம். இலக்கியமும் பண்பாடும் சார்ந்த சச்சரவுகளை எடைபோடக் காவல்துறை தக்க அமைப்பு அல்ல என்றும், இத்தகைய நேரங்களில் வழிகாட்ட வல்லுநர் குழு ஒன்றை அரசு அமைக்க வேண்டும் என்றும் கூறியது. சட்டம் ஒழுங்கு என்ற காரணத்தைக் காட்டிக் கலைஞரைப் பின்வாங்கச் செய்வது அரசின் கடமையாகாது என்பதே தீர்ப்பின் சாரம். கூட்டத்தைக் கலைப்பது கடினம், ஒருவரை ஊரைவிட்டு அனுப்புவது எளிது. எளியதையே தேர்ந்தெடுக்கும் நிர்வாகப் பழக்கத்தை இந்தத் தீர்ப்பு பெயர்சொல்லிக் கண்டித்தது எனலாம்.

திருச்செங்கோடு மலைக்கோயிலின் கேமரா

அதே 2015இல், ஜூன் 23 அன்று, ஓமலூரைச் சேர்ந்த தலித் பொறியியல் பட்டதாரி ஒருவர் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் தம்முடன் படித்த, வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தபோது கடத்தப்பட்டார். மறுநாள் அவர் உடல் பள்ளிபாளையம் அருகே இரயில் பாதையில் கிடந்தது. அவரைக் கட்டாயப்படுத்திக் கைப்பேசியில் பேசவைத்த காட்சி ஒன்று, அது தற்கொலை எனக் காட்டப் பயன்பட்டது. முதன்மைக் குற்றவாளியாகத் தேடப்பட்ட சாதி அமைப்புத் தலைவர், தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவுகளை வெளியிட்டுவந்தார். காவல்துறையால் கண்டுபிடிக்க முடியாத ஒருவரின் குரல் ஊரிலுள்ள கைப்பேசிகளில் எல்லாம் ஒலித்தது. 2015 அக்டோபரில் நாமக்கல் சி.பி.சி.ஐ.டி. அலுவலகத்தில் அவரே வந்து சரணடைந்தார்.

வழக்கைத் தாங்கிநின்றது கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு. முக்கியச் சாட்சி நீதிமன்றத்தில் பிறழ்ந்தார். மனிதர் பின்வாங்கிய இடத்தில் வன்தட்டு நின்றது. ஆனால் வன்தட்டு தானாகப் பேசாது. மின்னணுப் பதிவுக்குச் சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் தேவை என்பதை உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரில் அன்வர் வழக்கில் வலியுறுத்தியிருந்தது. பதிவைக் கைப்பற்றுவது, முத்திரையிடுவது, ஆய்வகத்துக்கு அனுப்புவது என ஒவ்வொரு படியும் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு உள்ளானது. மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷ், என். ஆனந்த் வெங்கடேஷ் இருவரும் மலைக்கோயிலுக்கு நேரில் சென்று கேமராக்கள் இருந்த இடங்களைப் பார்வையிட்டனர். 2023 ஜூன் 2 அன்று முதன்மைக் குற்றவாளியின் தண்டனையை உறுதிசெய்தனர். எண்ணிமச் சான்றைப் பழுதின்றிப் பாதுகாப்பதும் காவல்துறையின் மனித உரிமைப் பணியே என்பதற்கு இந்தச் சமவெளியில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

இளம்பிள்ளைப் பகுதி, ஜூன் 2016

சேலத்துக்கு மேற்கே, இளம்பிள்ளையை ஒட்டிய விசைத்தறி ஊர் ஒன்றில் எளிய குடும்பத்தைச் சேர்ந்த இளம் பட்டதாரிப் பெண் ஒருவரின் முகம், வேறொரு ஆபாசப் படத்தோடு ஒட்டவைக்கப்பட்டு முகநூலில் போலிக் கணக்கு ஒன்றில் வெளியானது. மார்பிங் என்று ஊரில் சொல்லப்படும் வேலை. அதற்குப் பெரிய தொழில்நுட்ப அறிவு தேவையில்லை, இலவசச் செயலி ஒன்று போதும். குடும்பத்தார் காவல்துறையிடம் சென்றனர்.

அன்றைய நடைமுறையைப் புரிந்துகொண்டால்தான் அடுத்து நடந்தது விளங்கும். மாவட்டக் காவல் அலுவலகத்தில் இருந்த சைபர் பிரிவு அப்போது தனிக் காவல் நிலையம் அன்று. அது தொழில்நுட்ப உதவி தரும் சிறு குழு. வழக்குப் பதிய வேண்டியது உள்ளூர்க் காவல் நிலையம். உள்ளூர் நிலையமோ கணினி என்றாலே சைபர் பிரிவைக் கைகாட்டும். புகார் கொடுத்தவருக்குப் பல நேரங்களில் கிடைப்பது சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீதுதான். முதல் தகவல் அறிக்கை பதியாதவரை விசாரணை தொடங்கியதாகக் கணக்கில்லை. போலிக் கணக்கை இயக்கியவரின் ஐ.பி. முகவரியைக் கேட்டு முகநூல் நிறுவனத்துக்கு எழுத வேண்டும். நிறுவனம் அமெரிக்காவில் இருக்கிறது. பதில் வர நாளாகும். படத்தை நீக்குவது என்பது தனிக் கோரிக்கை. ஆபாசப் படம் என்று பயனரே நிறுவனத்துக்கு முறையிட முகநூலில் வசதி இருந்தது. அதைச் சொல்லிக்கொடுக்க மேசைக்கு அப்பால் ஒருவர் இருந்திருந்தாலே போதும் என்று பின்னாளில் பலரும் எழுதினர்.

படத்தை நீக்க நாள் பிடிக்கும் என்ற பதிலே குடும்பத்துக்குக் கிடைத்தது. சைபர் பிரிவைச் சேர்ந்த காவலர் ஒருவர் இந்த வேலைக்காகக் கைப்பேசி ஒன்றைக் கையூட்டாகப் பெற்றார் என்றும் குற்றச்சாட்டு எழுந்தது. இதற்கிடையே மற்றொரு படமும் வெளியானது. ஜூன் 27 அன்று அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். தாம் எந்தப் படத்தையும் யாருக்கும் அனுப்பவில்லை என்பதைப் பெற்றோரிடம் மன்றாடும் கடிதம் ஒன்றை எழுதிவைத்திருந்தார்.

குற்றவாளியைப் பிடிக்கும்வரை உடலை வாங்கமாட்டோம் என்று உறவினர்கள் மறுத்தனர். அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. தனிப்படை அமைக்கப்பட்டது. பக்கத்து ஊர் இளைஞர் ஒருவர் சில நாட்களுக்குள் கைதானார். கையூட்டுக் குற்றச்சாட்டுக்கு உள்ளான காவலர்மீது துறை நடவடிக்கை எடுத்தது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் தாமதத்துக்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். தமிழ்நாட்டுக் காவல்துறை வரலாற்றில் இது அரிது. ஆனால் கைதுக்குத் தேவைப்பட்டது சில நாட்கள்தான் என்பதும் அதனாலேயே வெளிப்பட்டது. அதே கருவிகள், அதே ஆட்கள், அதே நிறுவனம். முன்பு 'முடியாது' என்றது பின்பு முடிந்தது.

இங்கே சட்டத்தின் ஒரு விந்தையையும் குறிப்பிட வேண்டும். ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு கருத்துரிமையைக் காக்க வேண்டி, நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிப்போ வந்தால்தான் ஓர் இணைய நிறுவனம் பதிவை நீக்கியாக வேண்டும் என்று 79ஆம் பிரிவைப் பொருள்கொண்டது. எழுத்தாளருக்கு அது அரண். தம் முகத்தை ஒட்டிய படத்தை இன்று மாலைக்குள் நீக்கவேண்டிய பெண்ணுக்கு, அதே அரண் ஒரு மதில். இரண்டு உரிமைகளையும் ஒரே விதியால் காக்க முடியாது என்பதைச் சட்டம் உணர இன்னும் ஐந்து ஆண்டுகள் ஆயின.

அதே ஆண்டு அக்டோபர்

2016 செப்டம்பர் 22 அன்று முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் உடல்நிலை பற்றி முகநூலில் வதந்தி பரப்பியதாக மாநிலம் முழுவதும் வழக்குகள் பதியப்பட்டன. அக்டோபர் முதல் வாரத்தில் முதலில் கைதானவர்களில் ஒருவர் நாமக்கல்லைச் சேர்ந்தவர். 66ஏ பிரிவு ஏற்கெனவே இல்லை என்பதால் தண்டனைச் சட்டத்தின் பிற பிரிவுகள் பயன்பட்டன.

அரசின் நலம் பற்றிய வதந்தி கலவரத்துக்கு வழிகோலும் என்ற அச்சம் முழுக்கப் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் பதிவிட்டவரைக் கண்டறியும் திறன் காவல்துறையிடம் இருந்தது என்பதையும் அந்தக் கைது காட்டுகிறது. ஜூனில் ஒரு குடும்பம் காத்திருந்தது, அக்டோபரில் யாரும் காத்திருக்கவில்லை. இடைவெளி மூன்று மாதம்; சேலத்திலிருந்து நாமக்கல் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர்.

பின்னர் வந்த மாற்றங்கள்

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமை என்றனர். பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான இணையக் குற்றங்களுக்கென 2018இல் தொடங்கிய தேசியப் புகார்த் தளம் 2019 ஆகஸ்டில் எல்லா இணையக் குற்றங்களுக்கும் விரிந்தது. பெயர் சொல்லாமலும் சிலவகைப் புகார்களை அதில் தரலாம். காவல் நிலையப் படியேறத் தயங்கும் பெண்ணுக்கு இது பெரிய வசதி. பண மோசடிக்கு 1930 என்ற உதவி எண் வந்தது. தமிழ்நாட்டில் 2021 வாக்கில் தனி இணையக் குற்றப் பிரிவு உருவாகி, மாவட்டந்தோறும் மாநகரந்தோறும் சைபர் கிரைம் காவல் நிலையங்கள் செயல்படத் தொடங்கின. உள்ளூர் நிலையமும் சைபர் பிரிவும் ஒன்றையொன்று கைகாட்டும் நிலை, கொள்கையளவிலாவது, முடிவுக்கு வந்தது.

இளம்பிள்ளை நிகழ்வின் நோக்கில் மிக முக்கியமானது 2021 பிப்ரவரி 25 அன்று வெளியான தகவல் தொழில்நுட்ப விதிகள். ஒருவரின் அந்தரங்கப் படமோ மார்பிங் செய்த படமோ வெளியானதாக அவரோ அவர் சார்பில் ஒருவரோ முறையிட்டால், நிறுவனம் 24 மணி நேரத்துக்குள் அதை நீக்க வேண்டும் என்று அவை வெளியான வடிவில் விதித்தன. காவல்துறை ஆணையோ நீதிமன்ற ஆணையோ தேவையில்லை. மதிலில் ஒரு கதவு திறந்தது. அதே விதிகளின் வேறு பகுதிகள் கருத்துரிமையை நெரிக்கின்றன என்ற எதிர்ப்பும் வலுவானது. அந்த வழக்குகள் தனிக் கதை.

காவல்துறையே தரவுக் காப்பாளராகும்போது

புகாரை வாங்குவதோடு காவல்துறையின் பொறுப்பு முடிவதில்லை. புகாரே ஒரு தரவு. முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பர் 7 அன்று ஆணையிட்டது. பாலியல் குற்றம் போன்ற நுண்ணிய வழக்குகளுக்கு விலக்கு அளித்தது. விலக்கு எவ்வளவு மெல்லிய நூல் என்பது பின்னர் தெரிந்தது. கொங்கு வட்டாரத்தின் மறுகோடியான பொள்ளாச்சியில் 2019இல் வெளிவந்த பாலியல் வன்முறை வழக்கில், பாதிக்கப்பட்டவரின் பெயரைக் காவல்துறை உயரதிகாரியே செய்தியாளரிடம் வெளிப்படுத்தினார். இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் வழங்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வழக்கின் முதல் தகவல் அறிக்கை, அடையாள விவரங்களோடு இணையத்தில் சில நேரம் திறந்துகிடந்தது. அங்கும் நீதிமன்றம் 25 லட்சம் விதித்தது. 2025 ஜூலையில், அந்தரங்கக் காட்சிகள் பரப்பப்பட்ட பெண் வழக்கறிஞர் ஒருவரின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 48 மணி நேரத்துக்குள் அவற்றை நீக்க ஒன்றிய அமைச்சகத்துக்கு ஆணையிட்டார். அதே வழக்கில், ஆண் காவலர்கள் பலர் சூழ்ந்திருக்க அந்தப் பெண்ணை அக்காட்சிகளைப் பார்த்து அடையாளம் காட்டவைத்ததற்காகக் காவல்துறையைக் கடிந்தார். திருச்செங்கோடு வழக்கில் கேமராக்களைப் பார்க்க மலை ஏறிய அதே நீதிபதி.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம் என்கிறது. மின்னணு வழியிலும் தரலாம். அப்படி அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் தகவல் தந்தவர் கையொப்பமிட்டால்தான் அது பதிவேட்டில் ஏறும். இளம்பிள்ளைப் பகுதியிலிருந்து கைப்பேசியில் புகார் அனுப்பும் பெண், அந்தக் கையெழுத்துக்காகக் காவல் நிலைய மேசைக்குத்தான் வர வேண்டியிருக்கும்.